பனித்தளத்தின் கீழ் ஒரு மரமீன்

தூண்டில் என்னும் சொல் ‘தூண்டு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கோல், கயிறு, முள் என்னும் உறுப்புகளுள் எதனையும் சுட்டாமல், மீனிடத்தே எழுப்பப்படும் தூண்டுதலையே அச்சொல் தன் பொருளாகக் கொண்டுள்ளது. மீன்பிடிக் கருவிகளின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இச்சொல்லே தக்க வழிகாட்டி எனலாம். முள்ளருகே மீனை வரச்செய்வதே பிடித்தலின் பெரும்பகுதி. முள் தைப்பது அதன் முடிவு மட்டுமே. முள்ளே இல்லாமலும் மீனை வரவழைக்க இயலும் என்பதற்கு வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்த நாட்டில் நல்லதொரு சான்று உண்டு. அங்கு வாழும் ஓஜிப்வே மக்கள், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் அமர்ந்து, மரத்தாற் செய்த சிறு மீனொன்றை நீருக்குள் நீந்தச் செய்வர். அதனை நாடிவரும் பெருமீனை ஈட்டியாற் குத்தி எடுப்பர். அந்த மரமீனில் முள் இல்லை. உண்ணத்தக்க இரையும் இல்லை. அசைவு மட்டுமே உண்டு.

இவ்வகை மரமீனைப் பொய்மீன் என்றும், முள் பூட்டிய செயற்கை இரையைப் பொய்யிரை என்றும் இக்கட்டுரை குறிக்கும். பொய்மீனின் வரலாறு ஒரு கைவினைப் பொருளின் வரலாறாகத் தொடங்கி, ஒரு மக்களின் உரிமை வரலாறாக விரிகின்றது. ஒருபுறம் அது கலைப்பொருளாகப் போற்றப்பட்டது. மறுபுறம் அதனை நீரில் அசைத்த கை தண்டிக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதே ஆராயத்தக்க செய்தி.

உறைந்த ஏரியின் இயல்பு

நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி பெறுகின்றது. அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலெழும். 0 பாகையில் உறைந்து மிதக்கும். ஆதலின் ஏரி மேலிருந்து கீழ்நோக்கியே உறைகின்றது. மேலே பாளமாகப் பரந்து கிடக்கும் பனித்தளம் காற்றையும் கடுங்குளிரையும் தடுத்து நிற்க, அடியில் ஏறத்தாழ 4 பாகை நீரில் மீன்கள் உயிர் வாழ்கின்றன. விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களின் வடபகுதி ஏரிகள் பெரும்பாலும் நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ உறைந்து, ஏப்ரல் வரையிலும் அவ்வாறே கிடப்பன. அந்நாட்டில் வாழ்ந்தோர்க்கு ஆண்டின் மூன்றிலொரு பங்கு ஏரி என்பது நடந்து செல்லும் நிலமாக இருந்தது. அந்நிலத்தின் அடியிலேயே உணவு இருந்தது.

ஆயினும் அவ்வுணவை எடுப்பது எளிதன்று. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தை ஒட்டியே அமையும். குளிர் மிக மிக அதன் செரிமானமும் இயக்கமும் தளர்கின்றன. கோடையில் விரைந்து செல்லும் இரையைத் துரத்தும் பல மீன்கள், குளிர்காலத்தில் அத்துரத்தலுக்குச் செலவாகும் ஆற்றலைத் தவிர்த்து ஒதுங்கிக் கிடக்கும். பைக் என்னும் நீள்வாய் வேட்டை மீனும், ஏரி டிரவுட் மீனும் குளிரிலும் ஊக்கம் குன்றாதவை. பெர்ச் போன்ற சிறுமீன்களோ சிறு இரையைக்கூட ஐயுற்று நெருங்கி, முகர்வதுபோல் நின்று, விலகிப்போகும் இயல்பின.

ஒளியும் குறைவு. பனித்தளத்தின் மேல் வெண்பனி மூடிவிட்டால் நீருக்குள் நண்பகலும் அந்தியாகும். ஆழம் செல்லச் செல்ல முதலில் மங்குவது சிவப்பு நிறம். கரையில் கண்ணைப் பறிக்கும் செந்நிறப் பொய்யிரை, ஆழத்தில் வெறுங் கருநிழலாகிவிடும். அத்தகைய இருளில் மீனுக்கு உறுதுணையாவது அதன் உடலின் இருமருங்கும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு. நீரில் எழும் மிகச்சிறு அதிர்வையும் அது உணர வல்லது. அடிபட்ட மீன் துடிக்கும் துடிப்பு வேறு. நலமுள்ள மீன் நீந்தும் அலைவு வேறு. வேட்டை மீன் இவ்வேறுபாட்டை அறிந்து செயற்படுகின்றது.

எனவே, பனித்தளத்தின் மேல் அமர்ந்திருப்பவன் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பொய்யிரையைத் தேர்ந்தெடுக்க இயலும். நாடும் மீன் எது? அது நிற்கும் ஆழம் என்ன? அங்கே ஒளி எவ்வளவு? அதன் இப்போதைய ஊக்கம் எத்தகையது? இவற்றுக்கேற்பவே உருவும் எடையும் நிறமும் அமைய வேண்டும். இவை அனைத்தும் பொருந்தினும் அசைவு பொருந்தாவிடில் மீன் வாராது. ஓஜிப்வே கைவினைஞர் இவ்வுண்மையைத் தம் மரமீனின் உடலிலேயே செதுக்கி வைத்தனர்.

இருட்டுக் குடிலும் மரமீனும்

பொய்மீனைக் கொண்டு வேட்டையாடுவோன் முதலில் ஏரியின் ஆழங்குறைந்த பகுதியொன்றைத் தேர்வான். கோரையும் நீர்ப்பாசியும் மண்டிய விளிம்பில் பைக் மீன் உலவும் வழி அவனுக்குத் தெரியும். பனித்தளத்தில் அகன்ற துளையொன்றை வெட்டி, அதன்மேல் ஒளி புகாத சிறு குடிலை அமைப்பான். பழங்காலத்தில் வளைத்து நட்ட கிளைகளின்மேல் தோலையோ கம்பளியையோ போர்த்தினர். அதனுள் வேட்டையாடுவோன் குப்புறப் படுத்துத் துளையை நோக்குவான். பிற்காலத்தில் பலகையாற் செய்த குடில்கள் வந்தன.

குடிலின் உள்ளே இருள், வெளியிலோ பகல். பனித்தளத்தினூடே கசிந்து இறங்கும் ஒளி நீரை அடியிலிருந்து ஒளிரச் செய்கின்றது. உள்ளே இருப்பவன் கண்ணுக்குத் துளை ஒரு விளக்கேற்றிய பசுங்கண்ணாடிச் சாளரம்போல் தோன்றும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் கண்ணுக்குத் தெரியும். கீழிருந்து மேல்நோக்கும் மீனுக்கோ துளை கரிய நிழலாகவே தோன்றும். ஏரியின் அடித்தரை கருமையாக இருப்பின், முட்டை ஓடுகளையோ வெண்ணிறமான வேறு பொருளையோ தூவி வைப்பதும் உண்டு. அவ்வெண்மையின்மேல் கடந்து செல்லும் மீனின் நிழலுரு தெளிவாகத் தெரியும்.

பொய்மீனின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தேவதாரு இனத்தைச் சேர்ந்த இலேசான மரத்தையோ பைன் மரத்தையோ கத்தியாற் செதுக்கி, ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள மீனாக்குவர். வயிற்றுப்பகுதியைக் குடைந்து அதில் உருக்கிய ஈயத்தை ஊற்றுவர். ஈயம் குறைந்தால் மரம் மிதக்கும். மிகுந்தால் கல்லென வீழும். மெல்லத் தாழ்ந்து, தலையும் வாலும் சமனாக நிற்கும் அளவே சரியான அளவு. துடுப்புகளைத் தகரத்தால் வெட்டிப் பொருத்துவர். வாலை நேராக விடாமல் ஒருபுறம் சற்று வளைத்தே செதுக்குவர். முதுகில் ஓர் இடத்தில் கயிற்றைக் கட்டி, அக்கயிற்றின் மறுமுனையை ஒரு சிறு கோலில் பிணைப்பர்.

கோலை மெல்ல மேலே உயர்த்தியதும் பொய்மீன் முன்னோக்கி நகரும். வளைந்த வால் அதனை ஒரு வட்டத்தில் திருப்பும். கோலைத் தாழ்த்தியதும் அது தகரத் துடுப்புகளின்மேல் சறுக்கிக்கொண்டு இறங்கும். வட்டம் பெரிதாக வேண்டுமாயின் துடுப்பைச் சிறிது நிமிர்த்துவர். சிறிதாக வேண்டுமாயின் வளைப்பர். புதிதாகச் செய்த பொய்மீனை நீர் நிறைந்த தொட்டியில் விட்டுப் பார்த்து, ஈயத்தைச் சுரண்டியும் சேர்த்தும் துடுப்பைத் திருத்தியும் பழக்குவது வழக்கம். நீந்தாத பொய்மீன் எவ்வளவு அழகாகத் தீட்டப்பட்டிருந்தாலும் வேட்டைக்கு உதவாது. நெருப்பில் வாட்டிக் கருமையாக்கியதொன்றி வேறு வண்ணம் அறியாத மரமீன், செவ்வனே நீந்துமாயின் தலைமுறைகள் கடந்தும் கைமாறும்.

பயன்படுத்தும் முறையிலும் ஒழுங்கு உண்டு. தொலைவிலுள்ள மீனை ஈர்க்கத் தொடக்கத்தில் அசைவு பெரிதாக இருக்கும். மீன் கண்ணிற் பட்டதும் அசைவு சுருங்கும். அது தயங்கி நின்றால், பொய்மீன் ஓய்ந்து, இலேசாக ஒருமுறை துடிக்கும். பைக் மீன் இரையை நெருங்கியும் தாக்காமல் சற்றுநேரம் அசைவற்று நிற்கும் இயல்புடையது. அந்த ஓய்வே ஈட்டிக்குரிய காலம். பல கூர்முனைகளும் எதிர்முட்களும் கொண்ட ஈட்டியை எறியாமல், முனை நீரிற் புகுந்து நிற்கும்படி முன்னரே மெல்ல இறக்கி வைத்து, தலைக்குப் பின்புறம் நேராக அழுத்துவர். இடக்கை பொய்மீனை அசைக்க, வலக்கை ஈட்டியைத் தாங்க, கண் துளையை விட்டு அகலாமல் மணிக்கணக்காக அமர்ந்திருப்பதே இவ்வேட்டையின் பெரும்பகுதி.

தொன்மையும் பரவலும்

முள்ளில்லாப் பொய்மீன் இம்மக்களுக்கே உரிய தனிக்கண்டுபிடிப்பு என்று கொள்ளுதல் பொருந்தாது. பேரேரிகளுக்குத் தெற்கேயுள்ள தொல்லியல் இடங்களில் நன்னீர்ச் சிப்பியோட்டில் மீனுருவாக வெட்டித் துளையிட்ட பொருள்கள் கிடைத்துள்ளன. அவை பொய்மீன்களாகப் பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலர் கருத்து. பேரேரிப் பகுதியில் வணிகம் செய்த அலெக்சாண்டர் ஹென்றி 1760 முதல் 1776 வரையிலான தம் பயண நினைவுகளை 1809-இல் நூலாக வெளியிட்டார். பனித்தளத்தில் துளை வெட்டி, ஒளி புகாவண்ணம் தோல் போர்த்திய தாழ்ந்த குடிலுள் இருந்து டிரவுட் மீனை ஈட்டியாற் குத்தும் முறையை அவர் அந்நூலில் விளக்கியுள்ளார். ஐரோப்பியர் அம்முறையைக் கண்ட காலத்தில் அது நன்கு முதிர்ந்த கலையாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

வடக்கே, கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களிடமும் இதனை ஒத்த முறை உண்டு. அங்குப் பனித்தளம் இரண்டு மீட்டர் வரை தடிக்கும். அவ்வளவு தடிப்பில் அகன்ற துளை வெட்டுவது அரும்பணி. வெட்டிய துளையும் விரைவில் உறைந்து மூடும். ஆதலின் துளையில் மிதக்கும் பனித்துணுக்குகளை அகற்றிக்கொண்டே இருக்க நீண்ட காம்புடைய அகப்பை ஒன்று அவர்கள் கருவிகளுள் தவறாமல் இடம்பெறும். பொய்மீனை வால்ரசின் தந்தத்தாலோ எலும்பாலோ செய்தனர். மரம் வளராத நாட்டில் தந்தமே மரம். அதன் வெண்மை மங்கிய நீரில் ஒளிர்வதாலும், அதன் எடை ஈயமின்றியே தாழ்வதாலும், கிடைத்த பொருளே ஏற்ற பொருளாகவும் அமைந்தது. மூன்று கிளைகளையுடைய ‘ககிவக்’ என்னும் ஈட்டியால் சார் மீனை அவர்கள் குத்தி எடுத்தனர். இனுயிட் மக்களுள் ஒரு பிரிவினரான நெட்சிலிக் மக்களின் வாழ்க்கை முறையை 1921 முதல் 1924 வரை நிகழ்ந்த ஐந்தாம் தூலே ஆய்வுப்பயணத்தில் நூட் ராஸ்முசன் பதிவு செய்தார். அதே மக்களிடையே 1960-களில் மானிடவியலர் ஆசன் பலிக்சி எடுத்த படத்தொடரில், பனித்துளையில் டிரவுட் மீன் பிடித்தலுக்கென்றே ஒரு படம் உண்டு.

தந்தமாயினும் மரமாயினும் கோட்பாடு ஒன்றே. அசைவால் மீனை அழைத்து, வேறொரு கருவியால் அதனைக் கைக்கொள்வது. அழைத்தலும் பிடித்தலும் இங்கே இரு வேறு செயல்கள்.

முள் பூண்ட பொய்யிரைகள்

இவ்விரண்டையும் ஒரே பொருளில் இணைத்தது பழைய உலகின் வடபகுதி. அழைக்கும் உருவிலேயே முள்ளையும் பொருத்திய சிறு உலோகப் பொய்யிரைகள் சுவீடனிலும் பின்லாந்திலும் ரஷ்யாவிலும் வழங்கின. சுவீடியர் இதனைப் ‘பிம்பெல்’ என்பர்; பின்லாந்தியர் ‘பில்க்கி’ என்பர். துளை சிறிதாயினும் போதும். இருட்டுக் குடிலும் வேண்டுவதில்லை. மீனைக் காணவேண்டிய தேவை நீங்கிவிட்டதால், கண்ணின் பணியை விரல் ஏற்றது.

ரஷ்யாவில் வளர்ந்த ‘மோர்மிஷ்கா’ இவ்வகையின் நுட்ப எல்லை எனலாம். ‘மோர்மிஷ்’ எனப்படும் நன்னீர் வாழ் கூனிறால் ஒன்றன் பெயரால் அமைந்தது இது. பயறளவே உள்ள உலோகத் துளியில் ஒரு முள் பதிக்கப்பட்டிருக்கும். கோலின் நுனியில் மெல்லிய வளைதகடு ஒன்று இருக்கும். கையின் நடுக்கம் அத்தகட்டின் வழியே இறங்கி, அடியில் அவ்வுலோகத் துளியைக் கூனிறாலின் துடிப்பாக நடிக்கச் செய்யும். ஊக்கம் குன்றிய பெர்ச் மீனும் அத்துடிப்பை மறுப்பது அரிது. முன்னர் ஈயத்தால் ஆகிய இத்துளிகள் அண்மைக் காலத்தில் டங்ஸ்டனால் செய்யப்படுகின்றன. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், அதே அளவு டங்ஸ்டன் 19.3 கிராம். சிறு உருவில் மிகு எடை கிடைப்பதால் பொய்யிரை விரைந்து ஆழம் சேரும். கயிறு விறைப்பாக நின்று கடியை உணர்த்தும். அறுந்து நீரில் தங்கும் ஈயத்தை விழுங்கி லூன் போன்ற நீர்ப்பறவைகள் நஞ்சேறி மடிவதும் இம்மாற்றத்துக்கு மற்றொரு காரணம்.

பின்லாந்தின் லௌரி ரபாலா 1936-இல் தக்கை மரத்தாற் செதுக்கிய பொய்யிரை கோடைக்கால நீருக்கானது. எனினும் அதன் பிறப்புக் கதை இங்கு நினைக்கத்தக்கது. சிறுமீன் கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் ஒன்றையே வேட்டை மீன் தேர்ந்து தாக்குவதை அவர் கண்டார். அத்தள்ளாட்டத்தைச் செதுக்க முயன்றார். பின்னாளில் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பனித்துளைக்கென ஒரு பொய்யிரையை உருவாக்கியது. ஈய உடல், முதுகின் நடுவே கயிறு கட்டும் வளையம், பின்புறம் ஒரு செயற்கைத் துடுப்பு என்னும் அமைப்புடைய அது, கோலை உயர்த்தினால் முன்னோக்கிப் பாய்ந்து வளைந்து திரும்பும். முதுகில் கட்டிய கயிறும், எடையேறிய வயிறும், திருப்பும் வாலும் ஓஜிப்வே மரமீனின் உறுப்புகளே. ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டது என்று கூற வேண்டுவதில்லை. ஒரே நீரும் ஒரே மீனியல்பும் இருவேறு கைகளை ஒரே விடைக்கு இட்டுச் சென்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் சுவீடியரும் பின்லாந்தியரும் பெருந்தொகையினராக மிச்சிகன், மின்னசோட்டா பகுதிகளில் குடியேறினர். மிச்சிகனில் செய்யப்படும் உலோகப் பொய்யிரை ஒன்றன் வணிகப் பெயரில் ‘பிம்பெல்’ என்னும் சுவீடியச் சொல் சற்றே திரிந்து இன்றும் வாழ்கின்றது. குடியேறியோர் தம் தூண்டிலைக் கொணர்ந்ததோடு அமையாமல், பழங்குடி மக்களின் பொய்மீனையும் இருட்டுக் குடிலையும் தமதாக்கிக்கொண்டனர்.

கண்ணாடிப் பேழையுள்

குடியேறியோருள் பொய்மீன் செதுக்குவதில் தலைசிறந்தவராக மதிக்கப்படுபவர் மிச்சிகனின் கடிலாக் நகரத்து ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951). ஆயிரக்கணக்கான பொய்மீன்களை அவர் செதுக்கினார். மீன்பிடிப்போர் சிறு தொகை கொடுத்து அவற்றை வாங்கி, பனித்துளைகளில் பயன்படுத்தித் தேய்த்தனர். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர் அவற்றின் மதிப்பு மாறியது. சேகரிப்போர் தேடி வந்தனர். ஏலக் கூடங்களில் ஒரு மரமீன் ஆயிரக்கணக்கான டாலர் விலை பெற்றது. 1990-இல் நியூயார்க்கின் அமெரிக்க நாட்டார் கலை அருங்காட்சியகத்தின் இணைவோடு, ‘பனிக்கு அடியில்’ என்று பொருள்படும் பெயரில் பொய்மீன் கலை பற்றிய அழகிய நூல் வெளிவந்தது.

லாக் டு ஃபிளாம்போ என்னும் ஓஜிப்வே ஊரின் பொய்மீன்களும் இவ்வாறே தேடப்பட்டன. ‘தீப்பந்த ஏரி’ என்று பொருள்படும் அப்பிரெஞ்சுப் பெயரே அவ்வூர் மக்கள் இரவில் பந்தம் ஏற்றி மீனைக் குத்திய வழக்கத்தால் வந்தது. கோடைப் பயணிகளுக்குப் பொய்மீன் விற்பது அங்குச் சிறு வருவாயாயிற்று.

கலைப்பொருளாகப் போற்றப்படுவதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் கண்ணாடிப் பேழையுள் வைத்த மரமீன் தன் செயலை இழந்துவிடுகின்றது. அதன் வால் ஏன் ஒருபுறம் வளைந்துள்ளது, அதன் வயிற்று ஈயம் ஏன் சுரண்டப்பட்டுள்ளது என்பவற்றைப் பேழை காட்டாது. வண்ணம் காட்டும், வட்டம் காட்டாது. அவ்வட்டத்தை நிகழ்த்தத் தெரிந்த மக்களோ அந்நாளில் வேறொரு சிக்கலில் இருந்தனர்.

சீஃப் ஏரியில் ஒரு துளை

ஓஜிப்வே மக்கள் 1837, 1842 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் விஸ்கான்சின், மின்னசோட்டா, மிச்சிகன் நிலப்பரப்பில் பெரும்பகுதியை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். நிலத்தை விட்டனரேயன்றி, அங்கு வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டரிசி திரட்டவும் உள்ள உரிமையை அவர்கள் விடவில்லை. உடன்படிக்கையிலேயே அது எழுதப்பட்டது. 1854 உடன்படிக்கை அவர்களுக்குக் காப்பு நிலங்களை வரையறுத்தது. காலப்போக்கில் மாநில அரசு, காப்பு நிலத்துக்கு வெளியே தன் மீன்பிடிச் சட்டமே செல்லும் எனக் கொண்டது. 1908-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அதன்பின் பல தலைமுறைகள் மறைந்தே மீன் பிடித்தன. முன்னோர் ஏரியில் மீன் பிடிப்பதற்குச் ‘சட்டமீறல்’ என்பதே ஓஜிப்வே ஊர்களில் அன்றாடப் பேச்சு வழக்காயிற்று. ஒரு மக்கள் தம் உணவுத் தேட்டத்தைக் குற்றத்தின் பெயரால் அழைக்க நேர்ந்தது எண்ணத்தக்கது.

1974 மார்ச்சு மாதத்தில் லா கூடரே ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த ஃபிரெட் டிரிபிள், மைக் டிரிபிள் என்னும் உடன்பிறந்தார் இருவர், காப்பு நில எல்லையைக் கடந்து சீஃப் ஏரியின் பனித்தளத்தில் துளை வெட்டி ஈட்டியால் மீன் குத்தினர். உடன்படிக்கை உரிமையைச் சோதித்துப் பார்க்கவே அவர்கள் அவ்வாறு செய்தனர். மாநில அலுவலர்க்கும் முன்னரே அறிவித்திருந்தனர். காப்பு நிலத்துக்கு வெளியிலுள்ள நீரில் ஈட்டி வைத்திருந்தது, பெயரும் முகவரியும் எழுதாத மீன்குடிலில் இருந்தது என்பன அவர்கள்மேற் சாட்டப்பட்ட குற்றங்கள். எந்த ஏரியின்மேல் அவர்தம் முன்னோர் முகவரியின்றியே குடிலிட்டு வாழ்ந்தனரோ, அந்த ஏரியின்மேல் முகவரி கேட்கப்பட்டது.

மாநில நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. இனத்தார் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினர். 1978-இல் அங்கும் தோல்வியே கிட்டியது. 1983 ஜனவரியில் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, 1837, 1842 உடன்படிக்கை உரிமைகள் அழியவில்லை எனத் தீர்ப்பளித்தது. இது வாய்ட் தீர்ப்பு எனப்படும். அதே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

தீர்ப்பு வந்தபின்னரே பெரும் பகை மூண்டது. வசந்தத்தில் பனி உருகியதும் வால்ஐ என்னும் மீன் முட்டையிடக் கரையோரம் வரும். அதன் கண் விளக்கொளியில் மின்னும். ஓஜிப்வே மக்கள் படகேறி இரவில் அதனைக் குத்துவர். இவ்வேட்டையில் பொய்மீனுக்கு இடமில்லை. எனினும் உரிமை ஒன்றே, ஈட்டியும் ஒன்றே. 1980-களின் பிற்பகுதியிலிருந்து 1991 வரை ஒவ்வொரு வசந்தத்திலும் படகுத்துறைகளில் எதிர்ப்பாளர் நூற்றுக்கணக்கில் திரண்டனர். வசைமொழி எழுதிய அட்டைகள் உயர்ந்தன, கற்கள் பறந்தன. மீன்வளம் அழியும் என்பது அவர்கள் வாதம். 1991-இல் வெளிவந்த கூட்டு ஆய்வறிக்கை, ஓஜிப்வே ஈட்டி வேட்டையால் மீன்வளத்துக்குக் கேடு விளையவில்லை எனக் கண்டது.

1989-இல் மாநில அரசு பல கோடி டாலர் தருவதாகவும், லாக் டு ஃபிளாம்போ மக்கள் அவ்வுரிமையைப் பயன்படுத்தாது விடவேண்டும் என்றும் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தது. வறுமை மிக்க ஊர் அது. அத்தொகை சிறிதன்று. வாக்கெடுப்பு நடந்தது, பெரும்பான்மையோர் அதனை ஏற்க மறுத்தனர். மரமீனுக்கு விலை உண்டு என்பதை ஏலக் கூடம் காட்டியது. அதனை அசைக்கும் உரிமைக்கு விலை இல்லை என்பதை அவ்வூர் காட்டியது.

பொய்மீன் நூல் வெளிவந்த 1990-இன் வசந்தத்திலும் படகுத்துறைகளில் வசைமொழி ஒலித்தது. கலையைப் போற்றியவரும் ஈட்டியை எதிர்த்தவரும் ஒருவரே அல்லர்; அவ்வாறு கூறுவது நேர்மையாகாது. ஆயினும் ஒரு நாகரிகத்தின் பொருளை மதிப்பதும் அதன் செயலை வெறுப்பதும் ஒரே நாட்டில் அருகருகே நிகழக்கூடும் என்பதற்கு அவ்வாண்டு சான்றாக நிற்கின்றது. 1991-இல் வழக்கின் இறுதித் தீர்ப்பை இரு தரப்பும் மேல்முறையீடின்றி ஏற்றன. 1999-இல் மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஓஜிப்வே இனத்தார் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1837 உடன்படிக்கை உரிமை உயிருடன் இருப்பதை உறுதி செய்தது.

இன்றைய நிலை

இன்று பனித்தளத்தின்மேல் பல காலங்கள் அருகருகே அமர்ந்துள்ளன. ஒருவர் டங்ஸ்டன் துளியை இறக்கி, ஒலியலைக் கருவியின் வட்டில் தம் பொய்யிரையும் அதனை நெருங்கும் மீனும் வண்ணக் கோடுகளாக அசைவதைக் காண்கிறார். இருட்டுக் குடிலிற் படுத்திருந்தவன் கண்டதையே அவர் மின்பொறியின் துணையால் மீண்டும் காண்கிறார். விஸ்கான்சினின் வின்னபாகோ ஏரியில் பிப்ரவரி மாதத்தில் ஸ்டர்ஜன் மீனுக்கெனக் குறுகிய ஈட்டிப் பருவம் உண்டு. 1915-இல் முற்றாகத் தடை செய்யப்பட்டு 1930-களில் மீண்டும் இசைவு பெற்ற அவ்வேட்டையில், ஆயிரக்கணக்கானோர் பெரிய பொய்மீன்களைத் தொங்கவிட்டுக் காத்திருப்பர். சோளக்கதிரும் பளபளக்கும் வீட்டுப் பொருளும்கூட அங்குப் பொய்மீனாகும். ஸ்டர்ஜன் பசியால் வருவதினும் வியப்பால் வருவது என்பர்.

ஓஜிப்வே ஊர்களில் பொய்மீன் செதுக்குதல் மீண்டும் கற்பிக்கப்படுகின்றது. கற்போர் செதுக்கிய மீனைத் தொட்டியில் விட்டு, அது வட்டமிடுகின்றதா எனப் பார்த்து, துடுப்பை வளைத்துத் திருத்துகின்றனர். நீந்திய மீனே தேர்ச்சி பெற்ற மீன்.

உரிமை எழுத்தில் நிலைபெற்றது. பனித்தளமோ நிலைபெறுவதாயில்லை. 2024 பிப்ரவரி நடுவில் பேரேரிகளின்மேல் இருந்த பனிப்பரப்பு, 1973 முதலான பதிவுகளில் அப்பருவத்துக்குரிய மிகக் குறைந்த அளவாக இருந்தது. உள்நாட்டுச் சிற்றேரிகளும் பிந்தி உறைந்து முந்தி உருகுகின்றன. தடிப்புக் குறைந்த பனித்தளத்தின்மேல் குடில் அமைக்க இயலாது. நீதிமன்றம் மீட்டுத் தந்த செயலுக்கு இடம் தரவேண்டிய தளமே மெலிந்து வருகின்றது. எனினும் ஏரி உறையும் வரையில், துளை வெட்டும் கை ஒன்று இருக்கும் வரையில், முள்ளில்லாத அந்த மரமீன் நீருக்குள் தன் வட்டத்தை வரைந்துகொண்டிருக்கும்.